படை வரிசையில் நின்றவன் நான்
சரித்திரப் படப்பிடிப்பில் துணை நடிகர்கள் அடிக்கும் லூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; அருமை. நானும் சில படங்களில் படைவீரனாக நின்றிருக்கிறேன். பின்வரிசைக்கு ரப்பர் ஈட்டிதான் கிடைக்கும்; முனை தொங்கிக்கொண்டே இருக்கும். ஒருமுறை போர்க்களத்தில் பிணமாகக் கிடந்த நண்பர் நிஜமாகவே தூங்கி, குறட்டை விட்டார். பக்கத்துப் பிணங்கள் எல்லாம் குலுங்கிச் சிரிக்க, டேக் போச்சு! அப்புறம், கைக்கடிகாரத்தைக் கழற்ற மறப்பது அடிக்கடி நடக்கும்.

ஆனால் ‘காந்தி’ படத்தின் இறுதி ஊர்வலத்தை நினைத்துப் பாருங்கள். 1981 ஜனவரி 31 அன்று டெல்லியில் சுமார் 3 லட்சம் பேர் திரண்டு நின்ற காட்சி அது. அந்தக் கூட்டம் இல்லாமல் அந்தக் காட்சி ஏது? விடியற்காலையில் ஒட்டிய மீசை வியர்வையில் பிய்ந்து தொங்க, சாயங்காலம் வரை வெயிலில் நிற்பவர்களுக்கு அந்தச் சிரிப்புதான் தெம்பு.