இன்னைக்கு ஸ்குவாட் மட்டும்தான்

சாயங்காலம் ஜிம்முக்குள் நுழைந்ததும் யாராவது கேட்பார்கள், "இன்னைக்கு என்ன அடிக்கிறீங்க?" ஸ்குவாட் என்பேன், ராடை முதுகில் வாங்கி உட்கார்ந்து எழுவது. "அப்புறம்?" அப்புறம் ஒன்றும் இல்லை, அது மட்டும்தான், பத்து செட் (நிறுத்தாமல் அடிக்கிற ஒரு சுற்று ஒரு செட்), முடிந்ததும் வீட்டுக்கு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து வெறும் ரசம் சாதம் போதும் என்றவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்பார்கள்.

நானும் நாலு வருஷம் ஊரோடு ஒத்துப்போனவன்தான். செஸ்ட் நாள் என்றால் ஃபிளாட், இன்க்ளைன், டிக்ளைன், ஃப்ளை, கேபிள் என்று எல்லா மெஷினையும் பிரதட்சணம் செய்து எதிலும் மூணு செட். நெஞ்சு புடைத்த மாதிரி கண்ணாடியில் தெரியும், வண்டியை எடுத்து வீடு சேர்வதற்குள் அடங்கிவிடும். நாலு வருஷத்தில் பெஞ்சில் படுத்துத் தூக்குகிற எடை 60 கிலோவில் இருந்து 70. அவ்வளவுதான்!

கணக்கைப் பாருங்கள். ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் ஒரு ரெப். பத்துப் பத்தாக மூணு செட் அடித்தால் 30 ரெப். மூணு மூணாகப் பத்து செட் அடித்தாலும் அதே 30. ஆனால் ஒரே ஒரு தடவை 100 கிலோவோடு உட்கார்ந்து எழ முடிகிறவர் பத்துப் பத்தாக அடிக்க 65, 70ஐத் தாண்ட மாட்டார், மூணு மூணு என்றால் 75, 80 வைத்தே பத்து செட்டையும் முடித்துவிடலாம். அதைவிட முக்கியம், ராடை முதுகில் வாங்கி, இரண்டடி பின்னால் வந்து, மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி இறங்குகிற அந்த முதல் ரெப், ஒரு நாளில் மூணு தடவைக்குப் பதில் பத்து தடவை வருகிறது. சித்திரம் மட்டுமா கைப்பழக்கம், ஸ்குவாட்டும்தான்.

பளு தூக்குகிறவர்களுக்கு இது புதுசே இல்லை. நம்ம வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 149, 179 கிலோ என்று தூக்கித் தங்கம் வாங்கினாரே, அந்த விளையாட்டில் போட்டியே ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல்), கிளீன் அண்ட் ஜெர்க் (தோளில் வாங்கி அப்புறம் தலைக்கு மேல்) இரண்டும்தான். குறைந்த ரெப், நிறைய செட், தினமும் அதே வேலை. சோவியத் காலத்துப் பளுதூக்கும் பயிற்சியாளர் ப்ரிலெபினின் அட்டவணை, ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற எடையில் 80 முதல் 90 சதவீதத்துக்கு ஒரு நாளைக்கு 15 ரெப் போதும், மிஞ்சினால் 20 என்கிறது. என் 30ஐப் பார்த்தால் அவர் திட்டியிருப்பார். அதனால்தான் உடம்பு சரியில்லாத நாளில் ஆறாவது செட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதை அந்தப் பத்துக்குப் பத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 90களில் பயிற்சியாளர் சார்லஸ் பொலிகுவின் ஜெர்மன் வால்யூம் ட்ரெய்னிங் என்று பிரபலமாக்கியது, 60 சதவீத எடையில் பத்து ரெப், பத்து செட். அது சதை ஏற்றுவதற்கு. ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு மறுநாள் பஸ் படியில் இறங்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன், கண்டக்டர் என்ன நினைத்தாரோ.

தரையில் கிடக்கிற ராடைக் குனிந்து தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்டில் மட்டும் இந்த வீரத்தைக் காட்டாதீர்கள். நான் காட்டினேன். ஏழாவது செட்டில் முதுகு வளைந்தது எனக்கே தெரிந்தது, இருந்தும் எட்டாவதுக்குப் போனேன். மூணு வாரம் ஷூ லேஸ் கட்டிவிட வீட்டில் ஆள் தேட வேண்டியிருந்தது. இப்போது அதற்கு அஞ்சு செட்தான்.

போரடிக்குமா என்றால், அடிக்கும். நாலாவது செட் வரைக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை, செட்டுக்கு நடுவில் இரண்டு நிமிஷம். ஆறாவதில்தான் யாரோ ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். எண்ணிக்கை தப்பாமல் இருக்க, ராடைத் தாங்குகிற ராக் ஸ்டாண்டின் தூணில் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டுக்கொள்வேன்.

பிரச்சினை ஒன்றுதான், எங்கள் ஜிம்மில் ராக் ஒன்றுதான் இருக்கிறது. "குத்தகைக்கு எடுத்துட்டீங்களா சார்?" என்று மாஸ்டர் கேட்டுவிட்டார். கேட்டதில் தப்பில்லை, அரை மணி நேரம் மறித்துக்கொண்டு நின்றால் யாருக்கும் கோபம் வரும். அதனால் காலேஜ் பையன்கள் இரண்டு பேரை நடுவில் சேர்த்துக்கொண்டேன், நான் உட்காரும் நேரத்தில் அவர்கள் அடிப்பார்கள். "இன்னும் எத்தனை செட்ணா?" என்று முதல் வாரம் முழுக்க முனகல்.

நேற்று நான் கொஞ்சம் லேட். போய்ப் பார்த்தால் தூணில் ஏற்கெனவே நாலு கோடு.