மைனஸ் அஞ்சும் மாத்திரை அட்டையும்

போன மாதம் எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், காபிக் கடைக்குப் பக்கத்தில், ஒரு கண் மருத்துவமனைக்காரர்கள் மேசை போட்டிருந்தார்கள். இலவசப் பரிசோதனை. பெங்களூரில், பெல்லந்தூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு வாரம் பல், அடுத்த வாரம் கிரெடிட் கார்டு, அதற்கடுத்த வாரம் கண். சும்மா போய் உட்கார்ந்தேன். ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள், ஐந்தே நிமிடத்தில் ஒரு சீட்டு வந்தது. "மேடம், நீங்க தமிழா? நானும் தமிழ்தான், அல்சூர். உங்க பவருக்கு லேசிக் சூப்பரா இருக்கும் மேடம். இந்த மாசத்துக்குள்ள புக் பண்ணா பதினஞ்சாயிரம் தள்ளுபடி, இஎம்ஐயும் இருக்கு" என்றார் அங்கிருந்த பெண். லேசிக் என்றால் கண்ணாடியே இல்லாமல் பார்க்க லேசரால் செய்கிற கண் ஆபரேஷன்.

ஆறாம் வகுப்பில் கண்ணாடி போட்டவள் நான். இப்போது வயது 39. வலது கண் மைனஸ் 5, இடது கண் மைனஸ் 4.75. ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மழையில் ஸ்கூட்டர் ஓட்டி, ஹெல்மெட் கண்ணாடியிலும் மூக்குக் கண்ணாடியிலும் தண்ணீர் வழிய சில்க் போர்டு சிக்னலில் நின்றவர்களுக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் தலையணைக்குப் பக்கத்தில் கையால் துழாவுவது இருக்கிறதே, அது 28 வருடப் பழக்கம். போதாக்குறைக்கு அக்கா மகள் போன வருடம் ஆபரேஷன் செய்துகொண்டாள். 24 வயது, மாரத்தஹள்ளியில் பிஜி விடுதியில் இருக்கிறாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு போன். "சித்தி, படுத்துக்கிட்டே ஃபேன்ல இருக்கிற தூசி தெரியுது சித்தி!" அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் "நீங்களும் பண்ணிக்கோங்க" என்று ஒரே நச்சரிப்பு.

ஊரில் இருக்கிற பெரியப்பா இதற்கு நேர் எதிர். "லேசர் வச்சா கண்ணு வெந்து போயிரும்" என்பது அவர் கட்சி. அவருக்கு நான் சொன்ன கதையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இந்த அறுவைக்கு வழிபோட்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்து அங்கேயே முதுகலைப் பட்டமும் பெற்ற ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, தேங்க்ஸ்கிவிங் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் அதன்மேல் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். பக்கத்துச் சதை கருகவே இல்லை, பட்ட இடம் மட்டும் சுத்தமாகப் போயிருந்தது. அவருக்கும் உடன் ஆராய்ந்த ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவருக்கும் 2013இல் ஒபாமா தேசியப் பதக்கம் கொடுத்தார். ஆக, வேகிற பேச்சே இல்லை. பெரியப்பா, "வான்கோழிக்குச் சரி" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆபரேஷனைப் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்வி "வலிக்குமா, கண்ணு போயிடுமா" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உண்மையில் தேவைப்பட்ட கேள்வி வேறு. அதைக் கீழ்த்தளத்து மேசையில் யாரும் எழுப்பவில்லை.

மேசைச் சீட்டை வைத்துக்கொண்டு முடிவெடுக்க மனம் வராமல், வேறொரு மருத்துவமனையில் காசு கட்டி முழுப் பரிசோதனைக்குப் போனேன். அரை நாள் பிடித்தது. கருவிழியின் மேல் வாட்ச் கண்ணாடி மாதிரி இருக்கிற படலம் கார்னியா. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் தடிமன்தான், 500 மைக்ரானுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். லேசிக்கில் அதன் மேல்பகுதியை மெல்லிய மூடியாக வெட்டித் திறந்து, அடியில் இருக்கிற திசுவைச் செதுக்கி, மறுபடி மூடுகிறார்கள். மூடிக்கு 110 மைக்ரான், ஒவ்வொரு பவருக்கும் ஏறத்தாழ 14 மைக்ரான் என்று டாக்டர் என் ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். எனக்கு 498. அதில் 110 போக, 70 போக, மிச்சம் 318. அடியில் குறைந்தது 250ஆவது மிஞ்ச வேண்டும், பலர் 300க்குக் கீழே போவதில்லை. நான் தேறினேன், ஆனால் முதல் வகுப்பில் இல்லை. செதுக்கியெடுத்த திசு திரும்ப வளராது. பலவீனமான கார்னியாவில் கைவைத்தால் பின்னாளில் அது கூம்பு மாதிரிப் புடைத்துக்கொள்ளலாம். அதனால்தான் கார்னியாவின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுக்கிற ஸ்கேனுக்கு அத்தனை முக்கியத்துவம். என் கண்ணை ஐந்து நிமிட மெஷின் 'சூப்பர்' என்றது எதை வைத்து என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது ஷிர்மர் டெஸ்ட். கீழ் இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நனைக்கிறது என்று பார்ப்பார்கள். பத்துக்கு மேல் இருந்தால் நல்லது. எனக்கு ஆறு. நாள் முழுக்க ஏசி, நாள் முழுக்க திரை, அதோடு பெங்களூரின் தை மாசி வறட்டுக் காற்று. லேசர் கார்னியாவின் நுண்ணிய நரம்புகளை வெட்டுவதால் இருக்கிற வறட்சி கொஞ்ச காலம் கூடும், சிலருக்கு நெடுநாள் நிற்கும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து ஒரு ஆய்வு நடத்தியது. லேசிக் செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு வறட்சியே இல்லாதவர்களிலும் 30 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் வறட்சி இருக்கிறது என்றார்கள். விளக்கைச் சுற்றி வளையம், கூச்சம், இரட்டையாகத் தெரிவது போன்றவை முன்பு இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை ஏதாவது ஒன்று புதிதாக வந்தது என்றார்கள். அதனால் அன்றாட வேலையே தடுமாறுகிறது என்று சொன்னவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு பக்கமும் உண்மைதான். கையில் தந்த வழவழத் துண்டுப் பிரசுரத்தில் அந்த 95 சதவீதக்காரர்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு, டாக்டர் மேசை மேலிருந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து, "கண்ணாடியைக் கழட்டிட்டு எக்ஸ்பயரி டேட் படிங்கம்மா" என்றார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தேன். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை. வீட்டில் அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரைக்கும் பிரஷருக்குமாக நாலு வகை மாத்திரை. அந்த வெள்ளித் தாளில் மை இல்லாமல் அச்சு மட்டும் பதிந்திருக்குமே, அந்தத் தேதியைப் பார்த்துச் சொல்கிற ஆள் நான்தான். ஊசியில் நூல் கோப்பது நான், காலில் குத்திய முள்ளை எடுப்பது நான். மைனஸ் 5 என்றால் 20 சென்டிமீட்டர் தூரத்தில் கண்ணுக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் துல்லியமாகத் தெரியும். பிறவியிலேயே கையோடு ஒரு பூதக்கண்ணாடி வந்த மாதிரி. ராத்திரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்து, புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் படிக்கிற சுகம் நல்ல பார்வைக்காரர்களுக்கு வாய்க்காது.

"ஆபரேஷன் பண்ணா இது போயிடும். உங்களுக்கு 39. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல வெள்ளெழுத்து வரும், படிக்கக் கண்ணாடி வேணும். தூரத்துக் கண்ணாடியைக் கொடுத்துட்டுக் கிட்டத்துக் கண்ணாடியை வாங்கிக்கிறீங்க, அவ்வளவுதான்" என்றார். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கிற வழி உண்டு என்றும் சொன்னார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு உருப்படியான யோசனை. முழுப் பவரில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள், ஆபரேஷனுக்கு அப்புறம் உங்கள் பார்வை கிட்டத்தட்ட அதுதான் என்றார்.

போட்டுப் பார்த்தேன். முதல் நாள் தலைகால் புரியவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் நடந்தபோது கரையோர மரத்தில் உட்கார்ந்திருந்த பறவை ஓரக்கண்ணில்கூடத் தெரிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி அம்மா மாத்திரை அட்டையை நீட்டினார். பக்கத்தில் கொண்டுபோனேன், மங்கல். கண்ணைச் சுருக்கி, விளக்கடியில் சாய்த்து, தள்ளிப் பிடித்து, ஒருவழியாக வருடத்தைப் படித்தேன், மாதம் பிடிபடவில்லை. "என்னடி, உனக்கும் என் கண்ணு வந்துருச்சா?" என்று அம்மா சிரித்தார். ஐந்தாம் நாள் கண் மணல் விழுந்த மாதிரி உறுத்தியது, கழற்றிவிட்டேன்.

எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். 95 ஆயிரம் சொன்னார்கள், தள்ளுபடி போக. இன்சூரன்ஸும் வராது, பவர் 7.5க்குக் கீழே இருந்தால் பாலிசிகளில் இதற்கு விலக்கு. ஆனால் பணம் காரணமில்லை. 25 வயதில் செய்திருந்தால் பதினைந்து வருடம் அனுபவித்திருப்பேன், அதற்கு அந்தப் பணம் தகும். அக்கா மகளுக்கு நான் 'செய்' என்றுதான் சொன்னேன், இப்போதும் அதையே சொல்வேன். அவளுக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகப் பவர் மாறவில்லை, கார்னியா 545, கண்ணில் ஈரமும் இருக்கிறது. அவளிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லி வைத்தேன். ஒன்று, பவர் போனாலும், மைனஸ் பவரைக் கொண்டுவந்த விழியின் நீளம் குறையவில்லை, அதனால் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கிற பரிசோதனையை நிறுத்தக் கூடாது. இன்னொன்று, ஆபரேஷனுக்கு முந்தைய அளவுகள் இருக்கிற ஃபைலைப் பத்திரப்படுத்த வேண்டும். அறுபது வயதில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, செதுக்கிய கார்னியாவில் லென்ஸ் பவரின் கணக்குத் தப்பலாம், பழைய அளவுகள் உதவும். "சித்தி, அறுபது வயசுக்கு இப்பவேவா?" என்றாள். ஃபைல் பிஜியில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நான் வாங்கி என் பீரோவில் வைத்திருக்கிறேன்.

மேசைப் பெண் நேற்றும் வாட்ஸப்பில் வந்தார். "மேடம், ஆஃபர் மூணு நாள்தான்." எங்கள் டீமில் 26 வயதுப் பையன் ஒருவன், மைனஸ் 3, அந்த நம்பரைக் கேட்டான். கொடுத்தேன். ஷிர்மர் டெஸ்ட் உண்டா என்று முதலில் கேள் என்றும் சொன்னேன். கேட்டிருக்கிறான். "அது என்ன சார்?" என்று பதில் வந்ததாம்.