நம் டெபாசிட்டுக்கு யார் பொறுப்பு?

2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து தனி நாடாகலாமா என்று நடந்த வாக்கெடுப்பில் எனக்கும் ஒரு ஓட்டு இருந்தது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்தான். காமன்வெல்த் குடிமகனாக இருந்து, முறையான விசாவில் அங்கே வசித்தால் போதும், வாக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் பஞ்சாயத்துத் தேர்தலுக்குக்கூட ஒரு தடவையும் போய்ச் சேர முடியாதவன், 1707இல் இங்கிலாந்தோடு போட்ட முடிச்சை அவிழ்க்கலாமா என்று கிளாஸ்கோவில் கருத்துச் சொல்லப் போகிறேன். வேடிக்கைதான்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கே பிரிவினை வாக்கெடுப்புப் பேச்சு வந்தாலும் நண்பர்கள் இரண்டே வசனம்தான் பேசுகிறார்கள். ஒன்று, "பிரிந்தால் பணமெல்லாம் ஓடிவிடும்." இன்னொன்று, "அதெல்லாம் பணக்காரர்கள் கிளப்பிவிடும் பயம்." அந்தப் பத்து நாள் பயத்துக்குள் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டிலும் நடுவில் இருக்கிற ஆளைக் காணவில்லை. கொஞ்சம் சேமிப்பு மட்டும் வைத்திருக்கிற ஆளை.

அப்போது என்னிடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த 22,000 பவுண்ட் இருந்தது, வீடு வாங்க முன்பணத்துக்காக. செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் யூகவ் கருத்துக்கணிப்பு வந்தது: பிரியலாம் 51, வேண்டாம் 49. அதுவரை இந்தப் பேச்சைச் சீரியஸாக எடுத்துக்கொள்ளாத லண்டன் திங்கட்கிழமை காலை விழித்துக்கொண்டது. பவுண்ட் பத்து மாதத்தில் இல்லாத அளவு இறங்கியது. ஜூலையில் நூறு ரூபாய்க்கு மேல் இருந்தது அந்த வாரம் நூறுக்குக் கீழே போக, ஊருக்குப் பணம் அனுப்புகிற எங்கள் கூட்டத்துக்கு அன்று முழுக்க வேறு பேச்சே இல்லை. லாயிட்ஸ், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ஸ்டாண்டர்ட் லைஃப் பங்குகள் எல்லாம் அடி வாங்கின. அந்த வாரமே, 1727இல் தொடங்கிய ராயல் பேங்க், பிரிவுக்கு ஆதரவாக முடிவு வந்தால் பதிவு முகவரியை இங்கிலாந்துக்கு மாற்றிக்கொள்வோம் என்றது. வேலையும் ஆட்களும் இங்கேயேதான், முகவரி மட்டும்தான் மாறும் என்றார்கள்.

முகவரி மட்டும்தானே என்று தோன்றும். ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. வங்கி மூழ்கினால் எந்த நாட்டு மத்திய வங்கி கை கொடுக்கும், எந்த நாட்டுச் சட்டப்படி டெபாசிட்டுக்குக் காப்பீடு, இதையெல்லாம் தீர்மானிப்பது அந்த ஒரு வரி முகவரி. 2008, 2009இல் இதே ராயல் பேங்கைத் தூக்கி நிறுத்த பிரிட்டிஷ் அரசு 4,550 கோடி பவுண்ட் போட்டது. ஐம்பத்து மூன்று லட்சம் பேர் உள்ள புது நாடு அப்படி ஒன்றைத் தாங்குமா? இந்தக் கேள்வியைக் கேட்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

நான் என் வங்கிக்குப் போன் பண்ணினேன். மூன்று கேள்வி. பிரிந்தால் என் டெபாசிட் எந்தப் பணத்தில் இருக்கும்? 85,000 பவுண்ட் வரை இருக்கிற காப்பீடு தொடருமா? தொடரும் என்றால் அந்தப் பணத்தை எந்த அரசு தரும்? அந்தப் பெண் மிக மரியாதையாக எழுதிவைத்ததை வாசித்தார்: "தற்போதைக்கு எதுவும் மாறவில்லை." தற்போதைக்கு மாறவில்லை என்பது எனக்கும் தெரியும் அம்மா! பிரிவு ஜெயித்தால் 2016 மார்ச் 24 சுதந்திர நாள் என்று எடின்பரோவில் இருந்த ஸ்காட்லாந்து அரசு தேதியே குறித்திருந்தது. ஒன்றரை வருடம். என் டெபாசிட்டோ இரண்டு வருட டெபாசிட்.

தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணையிடம் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. "நாங்கள் ஓடேக்கை வங்கிப் புத்தகம் பெட்டிக்குள்ளைதான் கிடந்தது தம்பி. காப்பும் சங்கிலியும்தான் எங்களோடை வந்தது" என்றார். அவரும் ஓட்டுப் போட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது இதற்கெல்லாம் இல்லை. அந்த வருடம் ஜனவரி 13ஆம் தேதியே பிரிட்டிஷ் கருவூலம் ஒரு அறிக்கை விட்டிருந்தது: ஸ்காட்லாந்து பிரிந்தாலும் பிரியாவிட்டாலும், இதுவரை வெளியிட்ட எல்லாக் கடன் பத்திரங்களுக்கும் நாங்களே முழுப் பொறுப்பு. அதாவது அரசுக்குக் கடன் கொடுத்த பெரிய முதலீட்டாளர்களுக்கு எட்டு மாதம் முன்பே பதில் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு அறிக்கை, பத்திரக்காரர்களின் பெரிய கவலை தீர்ந்தது. வங்கியில் டெபாசிட் போட்டவனுக்கு அதுபோல ஒரு வரி எழுத என்ன தடை? ஓட்டுதான் தடை. அடுத்த மாதமே பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கு வந்து, பிரிந்தால் பவுண்ட் கிடையாது என்றார். பிரிவு கேட்ட ஸ்காட்லாந்து முதல்வர் சால்மண்ட் தரப்போ, சும்மா மிரட்டுகிறார்கள், கடைசியில் தந்துவிடுவார்கள் என்றது. லண்டனுக்கு என் பயம் தேவைப்பட்டது. எடின்பரோவுக்கு அப்படி ஒரு பயமே இல்லாத மாதிரி நடிக்க வேண்டியிருந்தது.

கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் இதே கதைதான். 1995 அக்டோபர் 30 வாக்கெடுப்பு, வெறும் 54,288 ஓட்டில் பிரிவு தோற்றது. அங்கே முதல்வராக இருந்த பரிசோ பொருளாதாரம் படித்தவர், ஜெயித்தால் மறுநாள் சந்தையில் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர். அதனால் கியூபெக் அரசுப் பத்திரங்களின் விலை சரியாமல் வாங்கித் தாங்குவதற்கு, மக்களின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் கெஸ் நிறுவனத்தையும் சேர்த்து 1,700 கோடி கனடிய டாலர் வரை ரொக்கமாகத் தயார் செய்து வைத்திருந்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் முதலில் காப்பாற்ற நினைத்தது பத்திரத்தை.

ஸ்பெயினின் கேட்டலோனியாவில் நடந்ததுதான் எனக்கு இன்னும் தீராத ஆச்சரியம். 2017 அக்டோபர் 1 வாக்கெடுப்பை ஸ்பெயின் சட்டவிரோதம் என்றது, போலீஸ் அடித்தது, உலகமே பார்த்தது. அடுத்த வாரம் முடிவதற்குள் சபாடெல் வங்கி தன் பதிவு முகவரியை அலிகாண்டேவுக்கும், கைஷாபேங்க் வலென்சியாவுக்கும் மாற்றிக்கொண்டன. பங்குதாரர் கூட்டம் கூட்டாமலே மாற்றலாம் என்று மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டுக் கதவைத் திறந்துவிட்டது. அதற்குள் வாடிக்கையாளர்கள் கேட்டலோனியாவுக்கு வெளியே இருக்கிற கிளைகளில் 'கண்ணாடிக் கணக்கு' திறக்க ஆரம்பித்திருந்தார்கள். அதே வங்கி, அதே ஆள், பணம் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம். அந்த வருடத்தின் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் கேட்டலோனியாவின் வங்கி டெபாசிட்டுகள் 3,100 கோடி யூரோ அளவுக்குக் குறைந்தன. முகவரியை மாற்றிய வங்கிகளைக் கண்டித்து அக்டோபர் 20 அன்று பிரிவினை ஆதரவாளர்கள் ஏடிஎம்மில் போய் 155 யூரோ எடுத்துப் போராடினார்கள். தன்னாட்சியைப் பறிக்கும், ஸ்பெயின் அரசியல் சட்டத்தின் 155ஆம் பிரிவுக்கு எதிர்ப்பாம். அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கண்ணாடிக் கணக்கு இருந்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். மனசு ஒரு நாட்டில், சேமிப்பு இன்னொரு நாட்டில் இருப்பது துரோகம் ஒன்றும் இல்லை.

பயம் வீண் என்பவர்களுக்கு செக்கோஸ்லோவாக்கியா. அங்கே மக்களிடம் வாக்கெடுப்பே நடத்தவில்லை, 1993 ஜனவரி 1 பிரிந்தார்கள். சில மாதமாவது ஒரே நாணயம் என்று பேசி வைத்திருந்ததை நம்பாமல் ஸ்லோவாக்கியாவிலிருந்து செக் வங்கிகளுக்குப் பணம் ஓடியது. ஐந்தே வாரம், பிப்ரவரி 8இல் நாணயம் இரண்டானது, பழைய நோட்டில் ஸ்டாம்ப் ஒட்டிப் புழங்கினார்கள். ஜூலையில் ஸ்லோவாக்கியா தன் நாணய மதிப்பைப் பத்து சதவீதம் குறைத்தது. முன்கூட்டி மாற்றியவன் தப்பினான்.

ஸ்லோவாக்கியா நாசமாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், 2009இல் யூரோவிலேயே சேர்ந்துவிட்டது. அதனால் பிரியாதே என்று நான் சொல்ல வரவில்லை. வாக்கெடுப்புக்குத் தேதி குறிக்கிற அன்றே, இரண்டு தரப்பும் உட்கார்ந்து, முடிவு எதுவானாலும் இத்தனை வருடத்துக்கு டெபாசிட் காப்பீட்டை இன்னார் தருவார் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்கிறேன். பத்திரக்காரனுக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியாது?

நான் கடைசியில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அபராத வட்டி கட்டி டெபாசிட்டை உடைத்து, பாதியை இங்கிலாந்தில் பதிவான ஒரு வங்கியில் போட்டேன், மீதியை எதுவும் செய்யவில்லை. 18ஆம் தேதி ஓட்டுப் போட்டேன். 55க்கு 45 என்று பிரிவு தோற்றது, பவுண்ட் ஏறியது. போனில் பதில் கிடைக்காத அன்றே அந்த மூன்று கேள்வியையும் வங்கிக்கு மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்தேன். 23ஆம் தேதி பதில் வந்தது. வாக்கெடுப்பு முடிவைக் கருத்தில் கொண்டு தங்கள் கேள்விகள் இனி பொருந்தாது, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடுங்கள் என்று.