ஆள் பிடிக்கத் தெரிகிறது, வேலை கொடுக்கத் தெரியவில்லை

சந்தா பாக்கி என்று எங்கள் சேவைச் சங்கப் பொருளாளர் மறுபடியும் போன் போடுகிறார். ஜூன் 30-க்குள் கட்டாவிட்டால் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். எடுங்கள் ஐயா, தாராளமாக எடுங்கள்!

அவர் அவசரம் புரியாமல் இல்லை. ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) இரண்டு சங்கங்களிலும் வருடம் பிறப்பது ஜூலை 1-ல். பட்டியலில் எத்தனை தலையோ அத்தனைக்கும் தலைமையகத்துக்குப் பணம் கட்ட வேண்டும், ஜனவரியில் இன்னொரு தரம். அதனால் ஜூன் என்பது பெயரை நீக்குகிற மாதம். ஜூலை பிறந்துவிட்டால் ஆள் பிடிக்கிற மாதம், ஏனென்றால் எண்ணிக்கை கூடினால்தான் சங்கங்களுக்கு மேலே இருக்கும் மாவட்ட ஆளுநர் கையால் விருது. அரிமாவில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆளுக்குப் பாதிச் சந்தா என்று ஒரு சலுகை உண்டு. நல்ல ஏற்பாடுதான். நம்மாட்கள் கையில் அது ரேஷன் கார்டை அப்படியே பார்த்து எழுதிய உறுப்பினர் பட்டியலாகிவிடுகிறது. முகாமன்று மேஜை தூக்கக் கூப்பிட்டால் அந்தப் பெயர்களில் ஒன்றாவது வருமா?

அப்புறம், "ஏன் சார் புது உறுப்பினர்கள் நிற்பதே இல்லை?" என்று மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள். உறுப்பினரைத் தக்கவைப்பது எப்படி என்று நட்சத்திர ஹோட்டலில் பயிலரங்கம் வேறு. பன்னீர் பட்டர் மசாலா நன்றாக இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை.

எப்படி நிற்பான்? கண் சிகிச்சை முகாம் எட்டு மணிக்கு என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தோம். கிராமத்துப் பாட்டிகள் முதல் பஸ் பிடித்து வந்து பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர்களும் வந்தாயிற்று. சிறப்பு விருந்தினர் பத்தரைக்குத்தான் வந்தார். குத்துவிளக்கு, வரவேற்புரை, மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, முன்னாள் தலைவர்களின் பெயரை வரிசை மாறாமல் வாசிப்பது. ஒரு பெயர் விட்டுப்போனதற்கு அங்கேயே ஒருவர் முறுக்கிக்கொண்டு கிளம்பினார். சர்க்கரை நோய்க்காரப் பாட்டி ஒருவர் என் சட்டையைப் பிடித்து, "தம்பி, கண்ணு எப்ப பாப்பீங்க? பசி தாங்கல" என்றார். அன்றைக்கு முதல்முறையாக வந்திருந்த ஒரு பையன் ஓடிப்போய் பிஸ்கட் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தான். குழுப் படத்தில் அவனைக் காணோம்.

இன்னொரு கூத்து, இந்த ஒரு வருடத் தலைவர் முறை. அரசுப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுத்தோம். பளிங்குக் கல்லில் பெயரெல்லாம் பளபளவென்று இருக்கிறது, குழாயில்தான் தண்ணீர் வரவில்லை. ஃபில்டர் மாற்றலாமே என்று கூட்டத்தில் கேட்டால், "அது போன வருஷத் தலைவர் புராஜெக்ட்" என்கிறார்கள். இந்த வருடத் தலைவருக்குப் புதுக் கல்வெட்டு வேண்டுமாம்.

தலைவர் மாறினால் வேலை நின்றுவிடும் என்பதெல்லாம் சும்மா. போலியோவை ஒழிப்போம் என்று ரோட்டரி 1985-ல் இறங்கியது. இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று 2014-ல் கிடைத்தது. நடுவில் ஒவ்வொரு சங்கத்திலும் எத்தனை தலைவர்கள் வந்து போயிருப்பார்கள்! 1925-ல், பார்வையும் செவியும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்காக அரிமாக்களிடம் கேட்டுக்கொண்டதை இன்னும் செய்கிறார்கள், நம் ஊர்க் கண் முகாம்வரை. எங்கள் சங்கத்துக்கு மட்டும் ஒரு ஃபில்டருக்கு வழியில்லை.

பிஸ்கட் வாங்கிவந்த பையன் மூன்று கூட்டம் வந்து பார்த்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டான். இப்போது நண்பர்களோடு சேர்ந்து வாட்ஸ்அப்பில் ரத்ததானக் குழு நடத்துகிறான். நடு ராத்திரியில் கேட்டாலும் ஆள் அனுப்புகிறான். வரும் பதவியேற்பு விழாவில் அவனுக்குச் சங்கம் சார்பில் 'இளம் சேவைச் செம்மல்' விருதாம். பிளக்ஸ் அடித்தாயிற்று. அவனிடம்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.