அப்பா, அம்மா சொல்லச் சொன்னது போதும்

தமிழரும் கொரியரும் ஒரே வம்சம் என்று சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. கொரியப் பெண் மேடையில் நிற்கிறாள், மைக்கோடு நம்மவர். "அப்பா சொல்லும்மா, அம்மா சொல்லும்மா." கொரியத்திலும் கிட்டத்தட்ட இதே சொற்கள்தான். அவள் சொல்கிறாள், ஒரே விசில். அடுத்து "உங்க ராணியே எங்க பாண்டிய நாட்டுப் பொண்ணுதான்" என்று தீர்ப்பு. சால்வை, போட்டோ, முடிந்தது. அவள் எழுதிக்கொண்டு வந்த தாள் கடைசி வரை மடித்தபடியே கையில் இருந்ததே, யாராவது கவனித்தீர்களா?

இதைக் கமெண்டில் கேட்டதற்குத்தான் நேற்றிலிருந்து நான் தமிழினத் துரோகி. சரி, இருந்துவிட்டுப் போகிறேன்.

தமிழுக்கும் கொரியத்துக்கும் ஒற்றுமையே கிடையாது என்று நான் எங்கே சொன்னேன்? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் ஏழு வருஷம் கணக்குப் பார்த்தவன் நான். புல்லுக்கு அவர்களும் 'புல்' என்றதும் துள்ளிக் குதித்தவன். வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வரும். நம் அஞ்சாங்கல் அங்கே 'கோங்கி', அதற்கும் ஐந்து கல்தான். புத்தாண்டன்று பெரியவர்களை விழுந்து வணங்கிக் காசு வாங்குவார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜப்பானியத்திலும் துருக்கியத்திலும்கூட வினைச்சொல் கடைசியில்தான். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அங்கே போய் என்ன முறை வைத்துக் கூப்பிடுவதாக உத்தேசம்?

"ஹல்பர்ட் 1905லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதிவிட்டார், நீ யார்?" ஆமாம், கொரியாவில் இருந்த அந்த அமெரிக்க மிஷனரி எழுதினார். பின்னால் வந்த மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ராணி கதைக்கு வருவோம். கி.பி. 48இல் ஹியோ ஹ்வாங்-ஓக் 'அயுதா' என்ற நாட்டிலிருந்து கடல் கடந்து கொரியாவுக்கு வந்து சூரோ மன்னரை மணந்தார் என்று சொல்வது 'சம்குக் யூசா'. 13ஆம் நூற்றாண்டில் ஒரு பிட்சு தொகுத்த நூல். நடுவே ஆயிரத்து இருநூறு வருஷம். அயுதா என்றால் அயோத்தி என்று 2001இல் அங்கே நினைவுச்சின்னமே எழுப்பிவிட்டார்கள். நாமோ சூரோ கல்லறை வாயிலில் இருக்கும் இரட்டை மீனைக் காட்டிப் பாண்டிய நாடு, கன்னியாகுமரி என்கிறோம். பாவம் அந்தம்மா, வாக்கப்பட்டுப் போன இடத்தில் நிம்மதியாக இருக்கட்டும். அடுத்து பிடிஎஸ் பாட்டுக்குழுப் பையன்களுக்குக் குலதெய்வம் கண்டுபிடிப்பீர்கள், அதையும் பார்க்கத்தானே போகிறேன்.

"பெருமைப்பட்டால் உனக்கு ஏன் எரிகிறது?" நன்றாகப் பெருமைப்படுங்கள். 1950இல் இந்திய ராணுவத்தின் 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவோடு கொரியப் போர்முனைக்குப் போய்க் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கு விசில் வராது, இல்லையா?

ஒரு ஆகஸ்ட் 15. கம்பெனியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். எங்கள் கொரிய மேனேஜர் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே "இன்று எங்களுக்கும்தான்" என்றார். 1945, ஆகஸ்ட் 15, ஜப்பானிடமிருந்து கொரியா விடுபட்ட நாள். நான் கை குலுக்கினேன். "நாட்டை இரண்டாக்கியதும் அதே மாதம்தான்" என்றார். அங்கே அமெரிக்க அதிகாரிகள் இரண்டு பேர் வரைபடத்தைப் பார்த்து 38வது அட்சக்கோட்டில் பிரித்தார்கள். இங்கே அதற்கு முன் இந்தியாவையே பார்த்திராத ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர் ஐந்து வாரத்தில் இந்தியா, பாகிஸ்தான் என்று பிரித்தார். இதைப் பேசுங்களேன் ஐயா! 1919 ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக். இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 15, ஜேயம்-ரி என்ற கொரியக் கிராமத்தில் ஜப்பானியப் படை ஆட்களைத் தேவாலயத்துக்குள் அடைத்துச் சுட்டு, கொளுத்தியது.

மொழியைப் பற்றித்தான் பேசுவோம் என்கிறீர்களா? 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயம். அதே 1938இல் கொரியப் பள்ளிகளிலிருந்து கொரிய மொழியை ஓரங்கட்டியது ஜப்பான். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அங்கே 1940இல் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றச் சொன்னார்கள், 1942இல் கொரிய அகராதி தொகுத்தவர்களைச் சிறையில் போட்டார்கள். பறிபோன அந்தக் கையெழுத்துப்படி 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தது. தாளமுத்து நடராசன் பெயரைச் சொல்லி வளர்ந்தவனுக்கு இது தொண்டையை அடைக்க வேண்டாமா? நமக்கு 'அப்பா'வே போதுமாக இருக்கிறது.

மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். 1983இல் போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்க்க அவர்கள் நாட்டுத் தொலைக்காட்சி 138 நாள் நேரலை நடத்தியது. தழும்பு, மச்சம், ஊர்க் கிணறு என்று அடையாளம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். அவருடைய அம்மா தன் அண்ணனைத் தேடி அத்தனை நாளும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாராம். வரவில்லை.

எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் 1942இல் காட்டு வழியாக நடந்தே வந்தவர். வழியில் தம்பி கை நழுவித் தொலைந்து போனான். அறுபதுகளில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர்களை எங்கே பார்த்தாலும் "இடது புருவத்துல தழும்பு இருக்கும்யா, பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவருக்கு எந்தத் தொலைக்காட்சியும் நேரலை நடத்தவில்லை. இதை நான் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னபோது மேனேஜர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

உடனே "சென்டிமென்ட் வரலாறாகாது" என்று வருவீர்கள். மீன் படம் மட்டும் வரலாறாகுமாக்கும்.

அந்த மேடைக்கு ஏற்பாடு செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு உதவி. அந்தப் பெண் மடித்து வைத்திருந்த தாளில் என்ன எழுதியிருந்தாள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.