குழந்தையா, பெண்ணா என்று முதலில் முடிவு செய்ய வேண்டுமாம்

சென்ற வாரம் நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தைப் பற்றி என்னைத் தொடர்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: ஏதிலிகளுக்கு, அதாவது அகதிகளுக்கு உதவும் அமைப்புகள் கூடிப் பேசும் கூட்டம் அது; பேச்சு, வன்முறைக்கு உள்ளாகி உதவி தேடி வந்த ஒரு சிறுமியைப் பற்றியது; அவளுக்கு மொழிபெயர்த்தவள் நான். அந்தக் கூட்டத்தில் ஒரு மூத்த அதிகாரி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவள் குழந்தையா, பெண்ணா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு வாருங்கள், எந்தப் பிரிவு பார்ப்பது என்பதைப் பிறகு பேசலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் ஆறு நாளாக என் காதிலேயே இருக்கிறது. அவளுக்கு வயது 15. பதிவுப் படிவத்தில் 'மணமானவர்' என்ற கட்டத்தில் யாரோ ஒரு டிக் போட்டிருக்கிறார்கள். மணமானவள் என்பதால் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவு அவளைப் பெண்களுக்கான பிரிவுக்கு அனுப்பியது. 18 நிரம்பாதவள் என்பதால் பெண்களுக்கான பிரிவு அவளைக் குழந்தைப் பாதுகாப்புக்கே திருப்பி அனுப்பியது. இரு தரப்பாரும் விதிப்படிதான் நடந்துகொண்டார்களாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கோப்பு நடக்கட்டும், தொலைபேசி நடக்கட்டும், அலுவலர்கள் எழுந்து அடுத்த அறைக்கு நடக்கட்டும். அந்தப் பிள்ளை நடக்கக் கூடாது. தனக்கு நேர்ந்ததை அவள் ஒரு முறை சொன்னால் போதும் என்ற நிலையை உருவாக்குவதற்குத்தான் ஒருங்கிணைப்பு என்று பெயர். மாதம் இருமுறை கூடி, நீள்மேசையைச் சுற்றி அமர்ந்து, புகைப்படம் எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

அவள் அனுப்பப்பட்டது நான்கு மேசைகளுக்கு. நான்கு முறையும் மொழிபெயர்த்தவள் நான். முதல் மேசையில் அவள் முழு வாக்கியங்களில் பேசினாள். இரண்டாவது மேசையில் சில இடங்களைத் தாண்டிச் சென்றாள். மூன்றாவதில் கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் வந்தது. நான்காவது மேசையில் இருந்த அம்மையார் அன்பானவர்தான். தண்ணீர் கொடுத்து, "முதலிலிருந்து சொல்லும்மா" என்றார். அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றாள். நான் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளர் தானாக எதையும் சொல்லக் கூடாது என்பது என் தொழிலின் முதல் விதி. ஆகவே நானும் விதிப்படியே நடந்துகொண்டேன். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் அவள் சொன்னதில் சிறு வேறுபாடு இருப்பதாகப் பின்னர் ஒரு குறிப்பு எழுதப்பட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். நேரக் கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கணக்கு யாருக்கும் ரகசியமல்ல. பாலியல் வன்முறைக்குப் பிறகு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம் வரை அவகாசம் உண்டு, அதிலும் முந்தினால்தான் பலன் அதிகம். இந்தத் துறையில் முதல் வாரப் பயிற்சிக்கு வந்த எவருக்கும் இந்த இரண்டு எண்களும் மனப்பாடம். நான்கு மேசைகளில் ஒவ்வொன்றின் பின்னாலும் சுவரில் அதே எண்கள் கொண்ட சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்தது. சுவரொட்டிகளுக்குள் ஒருங்கிணைப்பு மிகச் சிறப்பாகவே இருக்கிறது.

இனி அந்தப் பெரிய கேள்விக்கு வருகிறேன். குழந்தையா, பெண்ணா? 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை முதல் பிரிவிலேயே 18 வயதுக்குட்பட்டவர் குழந்தை என்கிறது. பொருந்தும் சட்டத்தின்படி அதற்கு முன்பே ஒருவர் முழு வயதை எட்டினாலன்றி என்ற விலக்கும் அதே வரியில் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. அதை எடுத்துக்காட்ட யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். ஏதிலியாக வந்த குழந்தைக்கும் அத்தனை உரிமைகளும் உண்டு என்பதை 22ஆம் பிரிவு சொல்கிறது. இவை ஒருபுறம் இருக்கட்டும். கட்டாயத் திருமணம் என்பது பாலின அடிப்படையிலான வன்முறை வகைகளுள் ஒன்றாக, பெண்களுக்கான பிரிவின் பதிவு முறையிலேயே பட்டியலிடப்பட்டிருக்கிறது. குழந்தைத் திருமணம் குழந்தைப் பாதுகாப்பின் கவலைகளுள் ஒன்று என்பதை அந்தப் பிரிவின் கையேடுகளும் சொல்கின்றன. அப்படியானால், எந்தத் தீங்கிலிருந்து அவளைக் காக்க இரண்டு பிரிவுகளும் ஏற்பட்டனவோ, அந்தத் தீங்கையே காரணமாகக் காட்டித்தான் அவளை ஒரு வாசலிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறோம். திருமணம் அவளைப் பெரியவளாக்கிவிட்டது என்று அவளுக்குத் தாலி கட்டியவன் சொன்னான். நாமும் அதையே சொன்னோம், படிவத்தில்.

இந்தப் பிளவு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005இல் ஐ.நா. தன் மனிதாபிமான உதவி முறையைச் சீரமைத்தபோது துறைவாரியாகப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. குழந்தைப் பாதுகாப்பு யுனிசெஃபின் பொறுப்பிலும், பாலின அடிப்படையிலான வன்முறை ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் பொறுப்பிலும் இன்று இருக்கின்றன. ஏதிலிகள் என்று வந்துவிட்டால் அந்த ஏற்பாடு அப்படியே பொருந்தாது; அங்கே தலைமைப் பொறுப்பு ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்துக்கு. அதன் கீழும் இரண்டு துணைக்குழுக்கள், இரண்டு கூட்டங்கள், இரண்டு தகவல் பதிவு முறைகள். ஆளுக்கொரு குறைந்தபட்சத் தர வரையறை நூலும் இருக்கிறது. இரண்டும் 2019இல் வெளிவந்தவை, குழந்தைப் பாதுகாப்பு நூலுக்கு அது இரண்டாம் பதிப்பு. இரண்டிலும் மற்ற துறையோடு ஒத்துழைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதை நான் படித்திருக்கிறேன். படித்தவள் என்பதால்தான் கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

இதைவிட நேரடியான ஒன்றும் இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தைகளைக் கவனிப்பது எப்படி என்று சர்வதேச மீட்புக் குழு என்ற உதவி அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து 2012இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டன. எந்த வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சம்மதம் கேட்பது, பெற்றோரே ஆபத்தாக இருந்தால் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அதில் வயதுவாரியாக இருக்கிறது. 15 வயது நிரம்பிய பிள்ளை பொதுவாகத் தன் விருப்பத்தைத் தானே முடிவு செய்யும் முதிர்ச்சி உடையது என்றும் அது கருதுகிறது. அந்த முதிர்ச்சி அவளைக் குழந்தைப் பாதுகாப்பிலிருந்து நீக்குவதற்காகச் சொல்லப்பட்டதல்ல. அவளிடம் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. "உனக்கு யாரிடம் பேச விருப்பம்?" நான்கு மேசைகளில் ஒன்றிலாவது இந்தக் கேள்வி வந்திருந்தால் நான் அதை மொழிபெயர்த்திருப்பேன். எனக்கு நினைவில் இருக்கும்.

என் முந்தைய பதிவின் கீழ், "மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைப் பார்க்கலாமே, அமைப்பின் கட்டமைப்பைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பரவாயில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது நானும் ஏதிலியாக அப்படியொரு வரிசையில் அம்மாவோடு நின்றிருக்கிறேன். எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு அத்தை இருந்தார். சொந்த அத்தை அல்லர், அப்படிக் கூப்பிடுவேன். அந்த ஊர் மொழியை நான் பள்ளியில் விரைவாகக் கற்றுக்கொண்டுவிட்டதால், அவரை விசாரித்த நாளில் மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேசையோடு நூலால் கட்டிய ஒரு பேனா இருந்தது. அதிகாரி எழுதும்போதெல்லாம் அந்த நூல் இழுபட்டு, காகிதக் கட்டின் மேல் உரசிக்கொண்டே இருந்தது. அத்தை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். பாதிச் சொற்களுக்கு எனக்கு இரு மொழியிலும் பொருள் தெரியாது. தெரியாத சொற்களுக்குப் பதிலாக "அடித்தான்" என்று சொல்லிவிட்டேன். கோப்பில் அதுதான் ஏறியிருக்கும். அத்தைக்கு அதன் பிறகு என்ன உதவி கிடைத்தது, கிடைக்கவில்லை என்பதை நான் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்கப் பயம். அதன் பின் அவர் என்னைத் தவிர்க்கத் தொடங்கினார், நானும் அவரை.

அந்த அறையில் வன்முறைக்கு உள்ளான ஒரு பெண் இருந்தார், ஒரு குழந்தையும் இருந்தது. பெண்ணைக் கவனிக்க வந்தவர்கள் குழந்தையைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். கட்டமைப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"தகவலைப் பகிர்ந்தால் ரகசியம் என்னாவது?" என்று சிலர் கேட்கிறார்கள். இதுதான் மதிப்புள்ள ஆட்சேபம், அதனால் இதற்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவரின் பெயரும் கதையும் கைக்குக் கை மாறுவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை நான் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. உதவி செய்ய வந்தவர்களே சுரண்டியதும் உண்டு. 2002இல் கினி, லைபீரியா, சியரா லியோன் முகாம்களில் உதவிப் பணியாளர்கள் சிலர் உணவுக்கும் பொருளுக்கும் ஈடாகப் பிள்ளைகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கியதாக அகதிகள் உயர் ஆணையமும் சேவ் தி சில்ரன் அமைப்பும் சேர்ந்து நடத்திய ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டே ஐ.நா. பொதுச்செயலாளர் இதற்கென்று தனி விதிகளை வெளியிட வேண்டி வந்தது. ஆகவே எச்சரிக்கை நியாயமானது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் முதல் மேசை இரண்டாவது மேசைக்கு எதையும் எழுதி அனுப்பவில்லை. அதனால் அவளே போய்ச் சொன்னாள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு அலுவலர், ஒரு உதவியாளர், வெளியே வரிசையில் காது கொடுத்து நிற்பவர்கள். ஒரு மூடிய உறையில் நான்கு வரியாகப் போயிருக்க வேண்டியதை நான்கு அறைகளில் உரக்கச் சொல்ல வைத்துவிட்டு, அதற்கு ரகசியக் காப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறோம். யாரிடம், எதை, எவ்வளவு சொல்லலாம் என்று அவளிடமே கேட்டு, அவள் ஒப்பிய அளவுக்கு மட்டும் எழுதி, ஒரே ஒரு பொறுப்பாளர் மூலம் அனுப்புவதற்கான தகவல் பகிர்வு நெறிமுறையை இரு பிரிவுகளும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளலாம். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல. வரைவு பதினான்கு மாதமாக யாரோ ஒருவரின் மின்னஞ்சலில் இருக்கிறது.

"நிதி ஒதுக்கீடு தனித்தனியாக வருகிறது, நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கணக்கைக் காட்டுங்கள்.

"எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துக் குறை சொல்கிறீர்கள்" என்று நேற்று ஒரு தோழி தொலைபேசியில் வருத்தப்பட்டார். இரவு பதினொரு மணிக்கும் போனை எடுக்கும் கேஸ் ஒர்க்கர்களை, பாதிக்கப்பட்டவர்களை நேரில் கவனிக்கும் பணியாளர்களை, எனக்குத் தெரியும். தன் சொந்தப் பணத்தில் ஆட்டோ வைத்து ஒரு தாயையும் பிள்ளைகளையும் காப்பகத்துக்கு அழைத்துச் சென்றவரை எனக்குத் தெரியும். காப்பகத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? பெண்களுக்கான இடம், 13 வயது மகனை அனுமதிக்க முடியாது என்றார்கள். மற்ற பெண்களின் பாதுகாப்பைக் கருதி வைத்த விதி அது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பையனுக்கு இடம் தேட வேண்டியது குழந்தைப் பாதுகாப்புப் பிரிவு. அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தாய் மகனை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக மறுத்தார். அதே ஆட்டோவில் தாயும் பிள்ளைகளும் திரும்பிப் போனார்கள், அடிப்பவனின் வீட்டுக்கு. மகனுக்கும் அடி விழுந்திருந்தது, அவன் சட்டைக் கையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தான். பையன்களுக்கு நேர்வதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. அவர்களுக்கு எந்த மேசையும் இல்லை, நான்காவதுகூட இல்லை. தோழி, உங்களைப் போன்றவர்களின் நல்ல மனத்தை நம்பித்தான் இந்த ஏற்பாடு முழுவதும் ஓடுகிறது என்பதுதான் என் குறை.

உலகில் கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் குழந்தைகள். அவர்களில் பாதிப் பேரளவாவது பெண் பிள்ளைகளாக இருப்பார்கள் அல்லவா? அவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்க்காமலா இத்தனை பெயர்ப்பலகைகளை மாட்டினோம்? வாசலில் ஒட்டியிருக்கும் வழிகாட்டு அட்டையில் ஏழு தொலைபேசி எண்கள் இருக்கின்றன. கூட்டம் முடிந்து வரும்போது வராந்தாவில் நின்று ஏழு எண்களையும் அழைத்துப் பார்த்தேன். மூன்று ஒலித்தன. ஒன்றில் யாரோ எடுத்து, அந்த அலுவலர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது, இது இப்போது தன் சொந்த எண் என்று பொறுமையாகவே சொன்னார். அடிக்கடி இப்படி அழைப்பு வருமா என்று கேட்டேன். வரும் என்றார்.

நான் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதியதே தவறு என்பவர்களுக்கு: அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். மேசைகளின் எண்ணிக்கையை மாற்றவில்லை.

வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் இன்று மாலை வந்தது. முதல் பொருள், புதிய வழிகாட்டு அட்டையில் எந்த அமைப்பின் சின்னம் எந்த வரிசையில் அச்சாக வேண்டும் என்பது. அதற்கு 40 நிமிடம். தகவல் பகிர்வு நெறிமுறை எட்டாவது பொருளாக இருக்கிறது; பக்கத்தில் 'நேரமிருந்தால்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். அட்டையில் எண்கள் அதே ஏழுதான். அந்த ஒருவரின் எண்ணையாவது எடுத்துவிடுங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.