குயின் ஜோடி வந்தால் ஆக்ரோஷ ஆட்டக்காரரை அடிக்க விடுங்கள்

லைவ் போக்கர் மேசையில் ஆரம்பத்தில் கையில் வரும் இரண்டு சீட்டும் குயினாக, அதாவது குயின் ஜோடியாக, அமைந்ததும் பலருக்கு ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. குயின், கிங், ஏஸ் இந்த மூன்றில் ஏதோ ஒரு ஜோடி வர ஏறக்குறைய 74 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. டீலர் சீட்டைக் கலைத்துப் போடும் மேசையில் மணிக்கு 30 ஆட்டம் ஓடினாலே அதிகம். அப்படியென்றால் இரண்டரை மணி நேரக் காத்திருப்பு. அதே மேசையில் ஒருவர் எல்லா ஆட்டத்திலும் ரெய்ஸ் செய்து (பந்தயத்தை ஏற்றி) மற்றவர்களை மிரட்டிக்கொண்டிருந்தால், "இன்றைக்கு இவரை ஒரு கை பார்த்துவிடலாம்" என்று சிப்ஸை அள்ளி முன்னால் தள்ளுகிறோம். அங்கேதான் பணம் வீணாகிறது என்பது என் உறுதியான கருத்து. நடுவே முதல் மூன்று பொதுச் சீட்டு விழுவதுதான் ஃப்ளாப். அதற்கு முன் தாராளமாக ஏற்றுங்கள். ஃப்ளாப்புக்குப் பின் அவரை அடிக்க விடுங்கள், நீங்கள் கால் மட்டும் செய்யுங்கள், அதாவது அவர் வைத்த தொகைக்குச் சமமாக வைத்துத் தொடருங்கள்.

முதலில் முன்பகுதி. கோவாவில் மாண்டவி ஆற்றுக் கசினோ கப்பல்களுக்குப் போய் ஆடுகிற நம் ஆட்கள் பலரிடம் ஒரு பழக்கம் பார்க்கிறேன். பெரிய ஜோடி வந்தால் சின்னதாக ஏற்றுவார்கள், யாரும் ஓடிவிடக் கூடாதாம். கணக்கைப் பாருங்கள். ஏஸ் ஜோடி ஒரே ஒருவரின் ஏதோ இரண்டு சீட்டுக்கு எதிராக 85 சதவீதம் ஜெயிக்கும். நான்கு பேர் உள்ளே வந்தால் 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

2009-இல் ஒளிபரப்பான ஹை ஸ்டேக்ஸ் போக்கர் நிகழ்ச்சியில் ஓர் ஆட்டம் உண்டு, போக்கர் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தது. பாரி கிரீன்ஸ்டீன் கையில் ஏஸ் ஜோடி. 2,500 டாலருக்கு ஏற்றினார். ஏறக்குறைய மேசை முழுவதும் கால் செய்தது. ஃப்ளாப் 10-2-2. டாம் டுவான் கையில் இருந்தது வெறும் குயின்-10. முந்தைய ஆண்டின் உலக சாம்பியன் பீட்டர் ஈஸ்ட்கேட் கையில் 4-2, அதாவது மூன்று இரண்டுகள். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) 7 விழுந்ததும் டுவான் ஒரு லட்சத்துக்கும் மேல் வைத்தார். கிரீன்ஸ்டீன் ஏஸ் ஜோடியை மடக்கினார், ஈஸ்ட்கேட் மூன்று இரண்டையும் மடக்கினார். டுவானின் துணிச்சலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கூட்டம்தான் கண்ணில் படுகிறது. அத்தனை பேர் மலிவாக உள்ளே வந்ததால், யார் கையிலும் ஒரு இரண்டு இருக்கலாம் என்ற பயம் அங்கே நியாயமானது.

இனி ஃப்ளாப்புக்குப் பின். 100-200 மேசை (சீட்டுப் போடும் முன்பே இருவர் கட்டாயமாக 100, 200 வைப்பது), உங்கள் இருவரிடமும் 40,000 இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆக்ரோஷ ஆட்டக்காரர் 800-க்கு ஏற்றுகிறார். குயின் ஜோடியோடு நீங்கள் 2,800. அவர் கால். ஃப்ளாப் ஜாக்-7-4. நீங்கள் 2,000 வைக்கிறீர்கள், அவர் 6,500-க்கு ஏற்றுகிறார். கை துறுதுறுவென்று வரும், திருப்பி ஏற்றலாம் என்று. வேண்டாம். அவரிடம் ஜாக், 7, 4 மூன்றில் ஒரு ஜோடி இருந்து செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) ஆக அமையும் வழிகள் மொத்தம் 9. ஏஸ்-ஜாக் மட்டும் 12 வழி, கிங்-ஜாக் இன்னொரு 12. நீங்கள் திருப்பி ஏற்றினால் கிங்-ஜாக் ஓடிவிடும், வெறுங்கையோடு மிரட்டியதும் ஓடிவிடும். அந்த 9 மட்டும் மகிழ்ச்சியோடு உட்கார்ந்திருக்கும். நம்மிடம் தோற்கிற சீட்டையெல்லாம் நாமே துரத்திவிட்டு, ஜெயிக்கிற சீட்டோடு சண்டைக்கு நிற்பது என்ன ஆட்டம்?

கால் செய்ய 4,500 போதும், அதன்பின் பாட் (நடுவே சேர்ந்த மொத்தப் பணம்) 18,900. நான்கில் ஒரு முறை நாம் ஜெயித்தாலே அந்தக் காசு வந்துவிடும். டர்னில் அவர் 11,000 வைத்தாலும், ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) மீதி 19,700-ஐத் தள்ளினாலும் விகிதம் கிட்டத்தட்ட அதேதான், நாலுக்கு ஒன்று. ஓயாமல் அடிக்கிறவர் நான்கில் ஒரு முறைக்கும் மேல் வெறுங்கையோடு வருவார், அதனால்தான் அவரை ஆக்ரோஷக்காரர் என்கிறோம். கால் செய்வது கோழைத்தனம் என்ற பேச்சு எனக்கு எப்போதும் எரிச்சல் தரும். மூன்று முறை நெஞ்சு படபடக்கக் கால் செய்வதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும்.

ஆனால் ஆளைச் சரியாக அடையாளம் கண்டிருக்க வேண்டும். மாலை முழுவதும் வாய் திறக்காமல் சீட்டை மடக்கிக்கொண்டிருந்த பெரியவர் திடீரென்று நம் ரெய்ஸுக்கு மேல் ஏற்றினால் அது வேறு கதை. அவரிடம் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் மட்டுமே என்று வைத்தால், சிப்ஸ் முழுவதும் நடுவே போகும்போது நம் குயின் ஜோடிக்குச் சுமார் 40 சதவீதம்தான். அதே பட்டியலில் ஜாக், 10, 9 ஜோடிகளையும் ஏஸ்-குயினையும் சேர்த்தால் 58-ஐ நெருங்கும். கையில் இருப்பது அதே இரண்டு குயின்தான்.

இன்னொன்று. ஃப்ளாப்பில் ஏஸோ கிங்கோ விழுவது குயின் ஜோடிக்கு 41 சதவீத நேரம் நடக்கும். அதற்காக உடனே மடக்க வேண்டியதில்லை. ஏஸைப் பார்த்ததும் அடிப்பது ஆக்ரோஷக்காரரின் வாடிக்கை, இன்னும் ஒரு சுற்றாவது கூடப் போய்ப் பார்க்கலாம். கால் செய்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் மட்டும் விட்டுவிடுவேன்.

அப்புறம் இருக்கை. அவர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், அவர் செய்ததைப் பார்த்த பிறகு நீங்கள் முடிவெடுக்கலாம். இடம் காலியானால் வெட்கப்படாமல் கேட்டு மாறுங்கள். கையில் 40,000 இல்லாமல் 10,000 மட்டும் இருந்தால் இந்தப் பொறுமைக்கெல்லாம் இடமே இல்லை. அந்த ஜாக்-7-4 ஃப்ளாப்பில் அவர் ஏற்றியதும் ஆல்-இன் போய்விடுங்கள், அதாவது மிச்சம் இருப்பதையெல்லாம் நடுவே தள்ளிவிடுங்கள்.